பழுது வேறு, அழிவு வேறு

வீட்டுக் கணனி முரண்டு பிடித்தால் நம்மவர் வாயிலிருந்து முதலில் வருகின்ற சொல் ‘போமற்’ என்பதாகும். வன்தட்டை முற்றாகத் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதையே அவ்வாறு சொல்கிறோம். தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் பனடோல் என்பதுபோல, கணனியின் எல்லா நோய்களுக்கும் இந்த ஒரே மருந்துதான். மருந்தைக் கொடுத்தால் கணனி பிழைத்துவிடும் என்பது உண்மை. கணனிக்குள் இருந்தவையும் பிழைக்குமா என்ற கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை.

இந்த மருந்து பெரும்பாலும் தேவைப்படாத ஒரு நோயைப் பற்றியே இங்கு எழுதப்போகிறேன். பாவனையாளர் கணக்குப் பழுதடைவது என்பது அதன் பெயர். வாசக நண்பர்களில் சிலருக்கேனும் இது நேர்ந்திருக்கும். நேராதவர்களுக்கும் ஒருநாள் நேரக்கூடும். அந்த நாளில் பதற்றத்தில் எடுக்கும் ஒரு முடிவு, பல ஆண்டு உழைப்பைப் பறித்துவிடலாம் என்பதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாவனையாளர் கணக்கு என்றால் என்ன என்று பார்ப்போம். விண்டோஸ் இயங்கும் கணனியில் உங்கள் பெயரைத் தெரிந்து கடவுச்சொல்லை இட்டதும், கணனி இரண்டு பொருள்களைத் தேடுகிறது. ஒன்று, ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறை. நீங்கள் எழுதிய கட்டுரைகள், படங்கள், திரையில் வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மற்றது, அதே கோப்புறையில் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ‘என்டியூசர்.டாட்’ என்ற கோப்பு. திரையின் படம் எது, எழுத்தின் அளவு என்ன, எந்த மென்பொருளை எப்படிப் பழக்கியிருக்கிறீர்கள் என்பன போன்ற உங்கள் விருப்பங்களின் குறிப்பேடு அது. கணனி இந்தக் குறிப்பேட்டைத் திறந்து வாசித்த பின்னரே உங்களை உள்ளே விடுகிறது.

குறிப்பேடு கிழிந்திருந்தால்? கணனி உங்களை வெளியே நிறுத்திவிடும். அல்லது உங்களுக்கென ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்து உள்ளே விடும். உள்ளே போனால் எல்லாம் வெறுமையாக இருக்கும். உங்கள் படம் இல்லை. கோப்புகள் இல்லை. பிறந்தநாள் அன்று வாங்கி வந்த கணனிபோல் புத்தம் புதிதாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைக் கண்டு நெஞ்சு அடைத்துப்போனவர்களுள் நானும் ஒருவன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோன நாள். பாணந்துறையில் உள்ள மின் உபநிலையத்தினுள் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அரசாங்கம் அறிவித்ததும், அந்தக் குரங்கு உலகப் பத்திரிகைகளில் எல்லாம் இடம்பிடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதையடுத்த நாள்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டும் வந்தது. என் கணனிக்கு வந்த நோய்க்கு அந்தக் குரங்கின்மேல் பழிபோட நான் துணியமாட்டேன். மின்சாரம் நின்றபோது கொழும்பில் என் வீட்டுக் கணனி வேலை செய்துகொண்டிருந்தது. மின்சாரம் திரும்பிய பின் என் கணக்கில் என்னால் நுழைய முடியவில்லை. அவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. குறிப்பேட்டில் கணனி எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், பாதி எழுதியும் பாதி எழுதாமலும் அது கிடந்துவிடக்கூடும். அப்படி நேராமல் காக்கத் துணைக்கோப்புகள் உண்டு. அவை எல்லா வேளையிலும் கைகொடுப்பதில்லை.

வேறொரு வாரத்தில் இது நேர்ந்திருந்தால் ஆறுதலாகப் பார்த்திருக்கலாம். அந்த வாரத்தில் அப்படி முடியவில்லை. அதற்குரிய காரணத்தைச் சொல்லவேண்டும்.

ஈய எழுத்துக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சகங்களில் பணியாற்றிய அச்சுக்கோப்பாளர்களைச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிச் சந்தித்து வந்தேன். பத்திரிகை வரலாறு எழுதுவோர் ஆசிரியர்களைப் பற்றி எழுதுவார்கள்; உரிமையாளர்களைப் பற்றி எழுதுவார்கள். எங்கள் கையெழுத்தை வாசித்து, எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, எங்கள் எழுத்துப்பிழைகளையும் ஓசைப்படாமல் திருத்திவிட்ட அந்த மனிதர்களைப் பற்றி எழுதுவோர் அரிது. பதினொருவருடன் பேசி ஒலிநாடாவிலும் பின்னர் கைபேசியிலும் பதிந்து, அனைத்தையும் நானே தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். அவர்களில் ஏழு பேர் இன்றில்லை.

ஏழாமவர் 2025 ஜனவரியில் காலமானார். பதினான்கு வயதில் சுண்ணாகத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிரித்துப்போடும் பையனாகச் சேர்ந்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடுவதற்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பையும் திருமுறைப் பாடல்களையும் சேர்த்து, அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு நூலையே நாங்கள் கல்வெட்டு என்கிறோம். அவருடைய மகள் தொலைபேசியில் கேட்டார்.

“ஐயா, அப்பா தன்ரை வாயாலை சொன்னதெண்டு உங்களிட்டை மட்டுந்தான் இருக்கு. வியாழக்கிழமைக்கு முதல் அனுப்பி விடுவியளோ?”

அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அந்த நேர்காணல்தான் இப்போது நுழைய முடியாத கணக்கிற்குள் கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் கணனியைத் தூக்கிக்கொண்டு அயலிலுள்ள ஒரு திருத்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் ஐந்து நிமிடம் பார்த்தார்.

“யூசர் புரொபைல் கரப்ற் ஆகிட்டுது ஐயா. போமற் பண்ணினாச் சரி. பின்னேரம் வந்து எடுக்கலாம்.”

“உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம்?”

“அதுக்கு உத்தரவாதம் சொல்லேலாது ஐயா.”

கணனியை மீண்டும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்த இளைஞரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. துடைத்து நிறுவுவதற்கு ஒரு மணி நேரம் போதும்; மீட்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். இரண்டுக்கும் வாடிக்கையாளர் கொடுக்கும் கூலி ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளே இருப்பது பதினொரு மனிதர்களின் குரல் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் கணனித்துறையில் வேலை செய்கிறான். கொழும்பில் இரவு ஏழரை மணியாகும்போது பெப்ரவரி மாதத்தில் அங்கு காலை ஒன்பது மணி. அவனை அழைத்து நிலைமையைச் சொன்னேன்.

“மாமா, முதல்ல ஒரு விசயம். அந்த வெறுந்திரையிலை இருந்துகொண்டு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ. அது தற்காலிகக் கணக்கு. வெளியிலை வந்த உடனை அதிலை வைச்சதெல்லாம் அழிஞ்சுபோடும்.”

மிக முக்கியமான எச்சரிக்கை இது. தற்காலிகக் கணக்கைத் திறக்கும்போது கணனியே இதனை ஓர் அறிவித்தலில் சொல்கிறது. பதற்றத்தில் அதை வாசிக்காமல் மூடிவிட்டு, ஒரு நாள் முழுவதும் வேலை செய்து அத்தனையையும் இழந்தவர்கள் உண்டு.

“சரி, இனி மாமியின்ரை கணக்காலை உள்ளை போங்கோ. போய், யூசர்ஸ் கோப்புறையிலை உங்கடை பேர் கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. கிடந்தால் பயமில்லை.”

என் துணைவியாருக்கு அதே கணனியில் தனிக் கணக்கு உண்டு. அது நிருவாகி உரிமையுடைய கணக்கு. அதனூடாக நுழைந்து பார்த்தபோது, என் பெயரிலான கோப்புறை இருந்த இடத்திலேயே இருந்தது. திறக்க முனைந்ததும் ‘இதனைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை, தொடர விரும்புகிறீர்களா?’ என்ற பொருளில் கணனி கேட்டது. தொடரச் சொன்னேன். ஒவ்வொரு கோப்பாக அனுமதியை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் எடுத்தன. பிறகு கோப்புறை திறந்தது. என் கட்டுரைகள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் உள்ளே இருந்தன. கணக்குத்தான் பழுது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூச்சு வந்தது. அது ஐந்து நிமிடந்தான் நிலைத்தது.

அந்த நேர்காணலைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் அள்ளிக் கொட்டியதுபோல் கிடந்தன. மற்றொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. கோப்புகளும் பழுதாகிவிட்டன என்றே துணைவியார் நினைத்தார். கைபேசியில் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அவன் கனடாவில் வளர்ந்தவன். தமிழ்த் தட்டச்சு அறியாதவன். அவனுக்கும் அது புரியவில்லை.

இந்த இடத்தில் பத்திரிகைக்காரன் படித்த பாடம் உதவியது. குவியலில் ஒரே எழுத்துக்கூட்டம் அடிக்கடி வந்தது: ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி. பாமினி விசைப்பலகையில் ஆண்டுக்கணக்காகத் தட்டியவர்களின் விரல்களுக்கு அது என்னவென்று தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அழுத்தவேண்டிய விசைகள் அவை. கோப்பில் ஒரு குறையும் இல்லை. இல்லாதது பாமினி எழுத்துரு மட்டுமே.

இதற்கான காரணத்தைப் புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய கோப்புகளை வைத்திருப்போர் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கோப்பிற்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. போர்வை இல்லையேல் தமிழ் இல்லை. 2018 இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பின்னர், ஓர் எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது நிறுவியவரின் கணக்கிற்கு மட்டுமே உரியதாகிறது. என் கணக்கில் நிறுவிய பாமினி என் கோப்புறையின் உட்புறத்தில், ‘அப்டேற்றா’ என்ற மறைந்த பகுதியில் இருந்தது. துணைவியாரின் கணக்கிற்கு அது தெரியாது. அங்கிருந்து எடுத்து, வலது பொத்தானை அழுத்தி, எல்லாப் பாவனையாளருக்கும் நிறுவும்படி தெரிந்தேன். கோப்பை மறுபடி திறந்தேன். பெரியவர் தமிழில் பேசத் தொடங்கினார்.

அவர் என்னிடம் சொன்ன ஒரு விடயம் அந்த நேர்காணலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பையனாக இருந்த காலத்தில், கோத்து முடித்த ஒரு பக்கம் மேசையிலிருந்து நழுவி நிலத்தில் சிதறிவிட்டதாம். அழத் தொடங்கிய அவரிடம் தலைமை அச்சுக்கோப்பாளர், எழுத்து ஒன்றும் உடையவில்லை, வரிசைதான் குலைந்தது, கூட்டி அள்ளாமல் குனிந்து பொறுக்கு என்றாராம். விளக்குமாற்றால் கூட்டி அள்ளினால் ஈயம் உருக்கத்தான் உதவும். பொறுக்கினால் மறுநாளும் பக்கம் கோக்கலாம். ‘போமற்’ என்பது விளக்குமாறு.

அன்றிரவு மருமகன் வகுத்த ஒழுங்கு எளிமையானது: மீட்பு முதலில், திருத்தம் பின்னர். என் கோப்புறையிலிருந்து எழுத்துகள், படங்கள், ஒலிகள் அனைத்தையும் ஒரு வெளிவட்டில் படியெடுத்தோம். பிரதி முழுமையாக இருக்கிறதா என்று சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்தோம். அதன் பின்னரே கணக்கின்மேல் கைவைத்தோம்.

கணனியில் ரெஜிஸ்ட்ரி என்றொரு பெரும் பதிவேடு உண்டு. அதில் ‘புரொபைல்லிஸ்ற்’ என்ற பகுதியில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒரு நீண்ட அடையாள இலக்கம் இருக்கும். எஸ்-1-5-21 என்று தொடங்கும் அந்த இலக்கத்தின் கடைசிப் பகுதி என் கணக்கிற்கு 1001, துணைவியாருடையது 1002. பழுதான கணக்கிற்கு ஒரே இலக்கத்தில் இரு பதிவுகள் காணப்படலாம். ஒன்றின் வாலில் மட்டும் புள்ளி, பி, ஏ, கே என்று இருக்கும். வால் உள்ளதே உங்கள் உண்மையான கணக்கு. வால் இல்லாதது தற்காலிகமானது. முழுப் பகுதியையும் முதலில் ஏற்றுமதி செய்து பாதுகாத்துக்கொண்டு, தற்காலிகப் பதிவின் பெயரை வேறாக மாற்றி, உண்மையான பதிவின் வாலை நீக்கிவிட்டுக் கணனியை மீளத் தொடக்கினால், பலருக்குக் கணக்கு அப்படியே திரும்பிவிடுகிறது. குறிப்பேடு நலமாக இருந்து, அதைத் திறப்பதற்கு மட்டும் ஒருமுறை தடை ஏற்பட்டிருந்தால் இந்த வழி பலிக்கும்.

எங்களுக்குப் பலிக்கவில்லை. மீளத் தொடக்கியதும் அதே வெறுந்திரை. குறிப்பேடே கிழிந்திருக்கிறது என்பது அதன் பொருள். அப்போது எஞ்சியிருப்பது ஒரே வழி: புதிய கணக்கு ஒன்றை உருவாக்கிப் பழைய கோப்புறையில் உள்ளவற்றை அதற்குள் கொண்டுவருவது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. ‘என்டியூசர்’ என்று பெயர் தொடங்கும் கோப்புகளைப் புதிய கணக்கிற்குள் கொண்டுவரக்கூடாது. கொண்டுவந்தால் பழைய நோயும் கூடவே வரும்.

செவ்வாய்க்கிழமை, மின்வெட்டு நேரத்தைக் கழித்து, இந்த வேலை முடிந்தது. எல்லாம் வந்து சேர்ந்தன என்று சொல்லமாட்டேன். இணைய உலாவியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் வரவில்லை. அவை பழைய கணக்கின் திறவுகோலால் பூட்டப்பட்டவை. கோப்பைப் படியெடுத்தாலும் புதிய கணக்கால் அவற்றைத் திறக்க முடியாது. திரையில் பல ஆண்டுகளாக நான் பழகியிருந்த ஒழுங்கும் போய்விட்டது. அவற்றை இழப்பு என்று கணக்கில் எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

என் கணனியில் அப்போது இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது. பதினோராம் பதிப்பிலும் இந்த வழிமுறைகள் பெரும்பாலும் இவையே. ஆனால் புதிய கணனிகளில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். பலவற்றில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. வட்டைக் கழற்றி வேறு கணனியில் பொருத்திக் கோப்புகளை எடுக்கும் பழைய உத்தி அங்கு செல்லாது. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் வேண்டும். அந்த இலக்கங்களைக் கணனி நலமாக இருக்கும் இன்றே எழுதி, வீட்டில் பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

இன்னும் மூன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக் கணனியில் நிருவாகி உரிமையுடன் இரண்டாவது கணக்கொன்று எப்போதும் இருக்கட்டும். ஒரு கதவு இறுகினால் மறு கதவால் நுழையலாம். அருமையான கோப்புகளின் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். மூன்றாவது, பாமினியிலும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களிலும் உள்ள ஆக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விரல்களுக்குப் பாமினி தெரிந்த தலைமுறை ஓய்ந்துகொண்டிருக்கிறது. நாளை நம் பிள்ளைகள் அந்தக் கோப்புகளைத் திறந்து, குப்பை என்று எண்ணி, அழித்துவிடுவார்கள். அவர்களைக் கோபிக்கவும் முடியாது.

நேர்காணலை ஒருங்குறிக்கு மாற்றி, ஒற்றுமயக்கங்களைத் திருத்தி, புதன்கிழமை மாலை பெரியவரின் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவர் அழைத்தார். “அப்பா கதைக்கிற மாதிரியே கிடக்கு ஐயா” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கல்வெட்டு தபாலில் எனக்கு வந்தபோது எட்டுப் பக்கங்களில் அவருடைய பேச்சு இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இரண்டு இருந்தன. அவர் கோத்திருந்தால் இருந்திரா.